பிளம் கஸ்டர்ட்

கேக் செய்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பண்ணையில் தினமும் கீறல் விழுந்த முட்டைகள் சேரும். அவற்றை லாரியில் ஏற்ற முடியாது. வீணாக்க மனசு வராமல்தான் கேக் கற்றுக்கொண்டேன். எங்கள் ராசிபுரம் சாலைப் பக்கம் யார் வீட்டில் பிறந்தநாள் வந்தாலும், "கலைமணியக்கா கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அதனால்தான் மேடம், உங்கள் ஆட்கள் குஞ்சு அறையைத் திறந்தபோது ஏமாந்துபோனார்கள். முன்னால் நின்ற காவலர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாருங்க உள்ள கேக் சுடறது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் செடியின் முதல் குணமே அதுதான். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு அதை நம்பிவிடும்.

நீங்கள் செடியைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விதையைக் கொண்டுவந்தது என் தம்பி நந்தகுமார். கப்பலில் இனிப்பு செய்யும் பிரிவில் சமையல்காரனாக இருந்தவன். வேலை போய் ஊருக்கு வந்தவன் என் பண்ணையிலேயே தங்கிக்கொண்டான். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு பண்ணையை நான் ஒருத்தியாகத்தான் பார்த்துவந்தேன். ஆண் துணை என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். குஞ்சு வளர்க்கிற அறை அப்போது காலியாகக் கிடந்தது. இப்போதெல்லாம் வளர்ந்த கோழிகளாகவே வாங்கி விடுகிறோம். விளக்கு, காற்றாடி, சூடு எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. கோழிப் பண்ணையில் ஏன் விளக்கு எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோழி எச்சத்தின் நாற்றத்தைத் தாண்டி எந்த வாசனையும் சாலைக்குப் போகாது. "இதவிட நல்ல எடம் ஒலகத்துலயே கெடையாதுக்கா" என்றான்.

முதல் செடி பூத்தபோது என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். "பேரு பிளம் கஸ்டர்ட். கஞ்சாவுல ஒரு கலப்பினம். ஒரு பக்கத்துச் சொந்தம் தலையத் தூக்கும், இன்னொரு பக்கத்துச் சொந்தம் ஒடம்ப அமுக்கும். ரெண்டும் சேந்தா இது."

"நம்ம கோழியாட்டமா?"

"அதேதான். அது முட்டைக்கு, இது மூளைக்கு."

குட்டையான செடி. பனிக்காலத்தில் இலை ஓரம் கத்திரிப்பூ நிறமாக மாறும். பூவின் மேல் பொடித்த சர்க்கரையைச் சல்லடையில் சலித்துத் தூவியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். முகர்ந்தால் முதலில் வெண்ணெய், பிறகு வெனிலா. விரலில் வைத்துத் தேய்த்தால் மிளகு. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் லாரி டீசலின் வாடை லேசாக வரும். அந்த அடிவாடையை எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்தது. இனிப்புக்கு அடியில் வேறொன்று இருப்பதை அது மறைக்கவில்லை என்று தோன்றியது.

மற்ற குணங்களையும் அவன்தான் சொன்னான். முதலில் சிரிப்பு வரும். எதைப் பார்த்தாலும் வேடிக்கையாக இருக்கும். பிறகு இடுப்புக்குக் கீழே உடம்பு கனத்து, எழுந்திருக்க மனமில்லாமல் போகும். நாக்கு உலரும், கண் சிவக்கும், அகோரமாகப் பசிக்கும். சிலருக்கு மட்டும் சந்தேகம் வரும். யாரோ பார்க்கிறார்கள், யாரோ பேசுகிறார்கள், எதையோ கலந்துவிட்டார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். "அதுவும் இதோட கொணந்தான்க்கா. ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

நான் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு மறக்காது.

என் மகள் சௌமியா சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதே கல்லூரியில் ஆய்வகத்தில் இருந்தவர் ஜெயபிரகாஷ், ஓமலூர்க்காரர். வேறு ஆட்கள். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் இந்த மாவட்டங்களில் வேலை பார்க்கிறவர்தான். எங்கள் பக்கம் இப்படி ஒரு பேச்சு வந்தால் எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓமலூர் போகிறேன் என்று நந்தகுமார் கிளம்பினான். நான்தான் தடுத்தேன். அடிதடி எனக்குப் பிடிக்காது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சௌமியா என்னிடம் நேராகச் சொன்னாள். தீவனம் அரைத்துக்கொண்டிருந்த என்னிடம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏம்மா, கோழி கலப்பு. சோளம் கலப்பு. மாமன் வளக்கற செடியும் கலப்பு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அதெல்லாம் நம்முளுக்குச் சோறு போடுது. மாப்பிள்ள மட்டும் ஆகாதா?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. நான் பல நாள் அதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சரியான பேச்சைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். அவள் அப்பாவும் வீட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் சரியாகத்தான் பேசுவார்.

கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு வந்தாள். அது முடிந்ததும் கல்லூரிக்குப் போய், அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அதை அவள் போனில் பேசும்போது கேட்டேன். அவளுடைய அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கோழிக்கு மனசு கெட்டால் முட்டை குறையும். இடம் மாறினால், வெடிச் சத்தம் கேட்டால், புது ஆள் கொட்டகைக்குள் வந்தால் மிரளும். அப்போது நாங்கள் கோழியைப் பிடித்து வாயில் மருந்து ஊற்றுவதில்லை. தீவனத்தில் கலந்துவிடுவோம். கலப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மருந்தை நேராக மூட்டையில் கொட்டக் கூடாது. முதலில் ஒரு கைப்பிடி மாவில் கலந்து, அதை ஒரு படி மாவில் கலந்து, அதைத்தான் மொத்தத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடத்திலேயே கட்டிபட்டு நிற்கும். ஒரு கோழிக்கு ஒன்றுமே கிடைக்காது, இன்னொரு கோழி செத்துவிடும். பண்ணை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மகளுக்கு நான் அப்படித்தான் கலந்தேன். ஒருநாள் கூட அவசரப்படவில்லை.

நந்தகுமாருக்கு இது தெரியாது. பூ குறைவதைப் பார்த்து முதலில் எலி என்றான். பிறகு முட்டை பொறுக்குகிற பெருமாயியைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டு நிறுத்தினான். அவள் என்னிடம் வந்து, "சாமி சத்தியமா நான் ஒண்ணும் எடுக்கலீங்க அம்மிணி" என்று அழுதாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வாரங்கள் நன்றாக இருந்தன. அதை நான் மறைக்க விரும்பவில்லை. சௌமியா சிரித்தாள். பள்ளிக்கூடம் போன நாட்களில் சிரித்ததைப் போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பசிக்கிறது என்று தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். விடுமுறை முடிந்ததை மறந்தாள். கல்லூரியில் கூட வேலை பார்த்த தேவிப்ரியா கூப்பிட்டபோது போனை என்னிடமே நீட்டி, "நீங்களே பேசுங்கம்மா, எனக்குச் சோம்பலா இருக்குது" என்றாள். அந்தப் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

அவள் என்னை விட்டுப் போகாமல் அப்படிப் படுத்திருந்த நாட்களில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. உங்களுக்குப் பெண் குழந்தை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

பிறகு சந்தேகம் வந்தது. தட்டில் சோற்றை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். என் தட்டை வாங்கிக்கொண்டு அவள் தட்டை எனக்குக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். அன்று இரண்டு தட்டிலும் ஒன்றும் இல்லை. இப்படி ஒருநாள் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"எதையோ கலக்கறீங்கம்மா" என்றாள்.

"எதைக் கண்ணு?"

சொல்ல வந்த வார்த்தை பாதியில் நழுவிப்போய், தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பெரியவர், பொறுமையாகக் கேட்டார். "எங்கம்மா என் சாப்பாட்டுல ஏதோ கலக்கறாங்க டாக்டர்" என்று சௌமியா தெளிவாகச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுதேன். அது நடிப்பில்லை. என் பெண் என்னைப் பற்றி வெளியாளிடம் அப்படிச் சொன்னால் எனக்கு அழுகை வராதா? வேண்டியவர்கள் மீதே சந்தேகம் வருவதுதான் இந்த நோயின் அடையாளம் என்று அவர் எனக்கு விளக்கினார். மாத்திரை எழுதினார். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேன். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். ஊசி என்றால் அவள் மிரளுவாள் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

இவ்வளவும் சௌமியா உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது எல்லாம் உண்மை. இனிமேல் சொல்வது அவளுக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும் உண்டு.

ஆடி மாதத்தில் ஒருநாள் மதியம் ஜெயபிரகாஷ் பைக்கில் வந்தார். போன் எடுக்கவில்லை, கல்லூரிக்கு வரவில்லை, மனசு கேட்கவில்லை என்றார். செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒல்லியான ஆள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. நான் நினைத்து வைத்திருந்த முகம் அதில்லை.

"சௌமியாவப் பாக்கோணுங்க அத்தை" என்றார்.

அத்தை என்ற சொல்லை அவர் முன்பே யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் மாறவில்லை.

"மாத்திர போட்டுத் தூங்குதுங்க. எழுந்திருக்கட்டும். நீங்க உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. நேரா வாரேன்."

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். அவள் போன் என்னிடம்தானே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவர் அனுப்பியிருந்த செய்தியைப் படித்த பிறகுதான் அடுப்பில் கேக் வைத்தேன்.

நந்தகுமார் ஒருமுறை சொல்லியிருந்தான். புகைத்தால் உடனே தெரியும், தின்றால் உடனே தெரியாது. ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு எடுப்பார்கள். நெடுநேரம் கழித்து மொத்தமும் சேர்ந்து வந்து நிற்கும். ஜெயபிரகாஷ் முதல் துண்டைத் தின்றுவிட்டு, "கல்லூரிக்கு சௌமியா கொண்டாரது இதுதானுங்களா? நாங்க டப்பாவக் கூட விட மாட்டோமுங்க" என்று சிரித்தார். இரண்டாவது துண்டை அவரே கேட்டு வாங்கினார்.

நான் அவரை அவசரப்படுத்தவில்லை. பண்ணையைச் சுற்றிக் காட்டினேன். கோழிகளைப் பற்றி நல்ல கேள்விகள் கேட்டார். மூக்கு நுனியை வெட்டும்போது வலிக்காதா என்று கேட்டார். வலிக்கும், ஆனால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி என்றேன். அவருக்குப் பாவமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. பிறகு மணியைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு எழுந்திருக்காதுங்களா?" என்றார். அடுத்த வாரம் வாருங்கள், பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முறையாக வாருங்கள் என்றேன். அந்த வார்த்தை கேட்டு அவர் கண் கலங்கியது. குனிந்து என் காலைத் தொட்டார்.

ஓமலூருக்கு நாலுவழிச் சாலையில்தான் போக வேண்டும். கருப்பூரைத் தாண்டும்போது லாரிக்கு அடியில் போய்விட்டார். யார் மீதும் தவறில்லை என்று லாரிக்காரர் சொன்னாராம். நின்றுகொண்டிருந்த லாரி அது.

அவர் குடித்திருந்தார் என்று கல்லூரியில் பேசிக்கொண்டதாக தேவிப்ரியா போனில் சொன்னாள். அது தவறு மேடம். அவர் குடிக்கிறவர் இல்லை. எங்கள் வீட்டில் அவர் டீகூடக் கேட்கவில்லை. அவர் பெயரில் அந்தக் கெட்ட பேச்சு இருக்கக் கூடாது. நான் இன்று இவ்வளவு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழியில் தூக்கம் வந்தால் எங்காவது புளிய மரத்தடியில் நிறுத்திப் படுத்துவிடுவார், விடிந்ததும் பயந்துபோய் இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நான் நினைத்ததாகக் கொஞ்சகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செய்தியைச் சௌமியாவிடம் நான்தான் சொன்னேன். வேறு யாராவது சொன்னால் தாங்கமாட்டாள். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னது உள்ளே போகவில்லையோ என்று நினைத்தேன்.

"இங்க வந்தாரா?"

"வந்தாரு சாமி."

"என்ன சாப்பிட்டாரு?"

வேறு பெண்ணாக இருந்தால் எப்படி ஆயிற்று என்று கேட்டிருப்பாள். என் பெண் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள்.

"தண்ணி" என்றேன்.

கேக் சுடுகிற தட்டைத் துலக்கி அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருந்தேன். கட்டிலிலிருந்து கதவு வழியாகப் பார்த்தால் அது தெரியும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் என் கையால் எதையும் சாப்பிடவில்லை. மாத்திரையையும் வாயில் அடக்கித் துப்பினாள் என்று பிறகுதான் தெரிந்தது. கூடையில் இருந்து முட்டையை அவளே எடுப்பாள், கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், குழாய்த் தண்ணீரில் அவளே அவிப்பாள், அவளே உரிப்பாள். மூன்று வேளையும் அதுதான். "ஓட்டுக்குள்ள யாரும் கை வெக்க முடியாதுல்ல" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

அவள் பண்ணையில் பிறந்தவள். ஆனால் பண்ணையை நடத்தியவள் இல்லை. கோழிக்கு மருந்து கொடுத்தால் கொஞ்ச நாளைக்கு அந்த முட்டையை விற்கக் கூடாது, மருந்து முட்டையில் இறங்கும். இது எங்களுக்கு அரிச்சுவடி. கிணற்றடியில் ஒரு கூண்டைத் தனியாக வைத்து, நல்ல கோழிகளாகப் பார்த்து அதில் விட்டு, அவற்றின் தீவனத்தில் அந்தச் செடியின் இலையைக் கலந்தேன். அவற்றின் முட்டையை மட்டும் சமையலறைக் கூடையில் வைத்தேன்.

வேலை செய்தது. சௌமியா மறுபடி சிரித்தாள். பேச்சின் நடுவே நிறுத்தி விரல்களைப் பார்த்தாள். மத்தியானமெல்லாம் தூங்கினாள். நான் நிம்மதியடைந்தேன்.

அத்தனையும் நடிப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முட்டையில் எதுவும் இறங்கவில்லை, இறங்கியிருந்தாலும் ஒரு குருவிக்குக்கூடப் போதாது என்று உங்கள் ஆய்வகத்தில் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் அத்தனை நாளும் அவள் தெளிவாக இருந்திருக்கிறாள். கிணற்றடிக் கூண்டைப் பார்த்து, நான் என்ன செய்கிறேன் என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நான் எந்தப் பக்கம் போகிறேன், எதைத் திறக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். என் மடியில் தலை வைத்தும் படுத்தாள். அப்போதும் தூங்கவில்லை. ஒரு நாள் காலை பால் வண்டியில் ஏறிப் போய், உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு அவள் மீது கோபமில்லை.

நந்தகுமார் எங்கே ஓடினான் என்று எனக்குத் தெரியாது. கிடைத்தால் அவனிடம் செடியைப் பற்றி மட்டும் கேளுங்கள். மற்றதெல்லாம் என்னுடையது. ஜெயபிரகாஷ் விஷயத்தில் உங்களிடம் சாட்சி எதுவும் இல்லை, உடம்பையும் எரித்துவிட்டார்கள். அதனால் நானே சொல்கிறேன். கைப்பிடியில் கலந்து, படியில் கலந்து, பிறகு மொத்தத்தில் கலக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒரு கேக்கை மட்டும் நான் அப்படிக் கலக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டினேன். அந்தப் பக்கத்தில் இருந்துதான் அவருக்கு இரண்டு துண்டும் வெட்டினேன். வெட்டும்போது அவர் ஓமலூர் போய்ச் சேரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சௌமியா கொடுத்தனுப்பியதாகச் சொல்லி இன்று காலை ஒரு டப்பா கொடுத்தீர்கள். திறந்து பார்த்தேன். கேக். நன்றாக உப்பி வந்திருக்கிறது, ஓரம் கருகவில்லை. வெண்ணெய் வாசனை, வெனிலா வாசனை. நான் சொல்லிக்கொடுத்தது போலவே செய்திருக்கிறாள். என் பெண் நல்லவள் மேடம், யாருக்கும் தீங்கு நினைக்கத் தெரியாது. அவள் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

டப்பாவை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உங்களுக்குச் சிரமமில்லை என்றால் எனக்கு ஒரு முட்டை அவித்துத் தரச் சொல்லுங்கள். உரிக்க வேண்டாம். ஓட்டோடு கொடுக்கட்டும், நானே உரித்துக்கொள்கிறேன்.